கடலில் வராத நடுக்கம் கரையில் ஏன் வந்தது?

கேள்வி கேட்டிருக்கும் சகோதரி ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்காரர். அவருடைய அண்ணனுக்கு 34 வயது. மூன்று மாதங்களுக்கு முன் வடக்குக் கடலில் காற்று திடீரென்று திரும்பி, படகு கவிழ்ந்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒரு டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார். அந்த வழியாக வந்த வேறொரு படகுதான் அவரைக் கரை சேர்த்தது. "தண்ணீரில் கிடந்த நேரம் முழுக்க எனக்குப் பயமே இல்லை" என்கிறாராம். கரையில் டீ டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் உடம்பு உதறத் தொடங்கியதாம். இப்போது படகு இன்ஜின் சத்தம் கேட்டாலே வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் விடிந்தால் துறைக்குப் போய் நிற்கிறார், மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்கிறார். "பயம் இதயத்தில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா? அட்ரினலினைக் குறைக்க மாத்திரை உண்டா? அம்மா மந்திரிக்கக் கூப்பிடுகிறார், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதயமா மூளையா என்பதைவிட, அண்ணன் சொல்வதில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். வாய் பயமில்லை என்கிறது. உடம்பு பயப்படுகிறது. கால் கடலை நோக்கியே போகிறது. வீட்டில் சிலர் "வீம்புக்குப் பேசுகிறான்" என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் சொல்வது மூன்றும் உண்மையாக இருக்கலாம். உடம்பு முடுக்கிவிடப்படுவது, பயம் என்று உணர்வது, ஒன்றை நாடிப் போவது ஆகிய மூன்றும் ஒரே உறுப்பின் வேலையல்ல, ஒரே சுரப்பின் வேலையும் அல்ல. வழக்கமாக மூன்றும் ஒன்றாகவே வருவதால் நாம் அவற்றுக்கு ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். சில நேரங்களில் அவை தனித்தனியே பிரிந்துவிடும்.

நான் 22 ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு மண்டபம் பக்கத்தில் ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். பிறந்தது பாம்பனில். மனநல மருத்துவன் அல்லன், உங்கள் அண்ணனைப் பார்த்ததும் இல்லை. ஆகவே உடம்பைப் பற்றி உறுதியாகவும், மனத்தைப் பற்றிச் சற்றுத் தயங்கியும், உங்கள் அண்ணனைப் பற்றி நிறையத் தயங்கியும் எழுதுகிறேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு உண்டு. பனிக்கட்டி போட்ட தண்ணீருக்குள் ஒரு கையை ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும், மறு கையில் இரத்த அழுத்தம் பார்ப்போம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அழுத்தம் சட்டென்று ஏறும். "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டால் சிரிப்பார்கள், குளிருகிறது என்பார்கள். அதே பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வன்று அறை வாசலில் அழுத்தம் பார்த்தாலும் ஏறித்தான் இருக்கும். அன்று கேட்டால் "பயமாக இருக்கிறது, சார்" என்பார்கள். கருவி இரண்டு நாளும் ஒரே கதையைத்தான் சொல்கிறது. குளிரா தேர்வா என்று அதற்குத் தெரியாது. பாடநூலில் இதை உடற்கிளர்ச்சி என்பார்கள். எனக்கு முடுக்கம் என்ற சொல்தான் பிடிக்கும். படகு இன்ஜினை முடுக்குவதைப் போன்றதுதான் இது. எந்தத் திசையில் போகப்போகிறோம் என்பது முடுக்கத்தில் இல்லை.

முடுக்கம் நடக்கும் விதம் நன்றாகத் தெரிந்த ஒன்று. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் செய்தி முதுகுத்தண்டின் வழியே, நெருக்கடியில் உடம்பை முடுக்கும் பரிவு நரம்புகளுக்குப் போகிறது. இதயம் வேகமாகிறது, கண்மணி விரிகிறது, எச்சில் வற்றுகிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இரத்தத்தில் அட்ரினலினைக் கொட்டுகிறது. "வயிற்றில் புளியைக் கரைத்தது", "நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது" என்று நம் ஊரில் சொல்வதெல்லாம் இதன் நேரடி வர்ணனைகள்தாம். தொல்காப்பியம் அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலான எட்டுக்கும் வைத்த பெயரே மெய்ப்பாடு. உணர்ச்சி மெய்யில் தெரிவது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். அட்ரினலின் இரத்தத்தில் நீடிப்பது மிகக் குறைந்த நேரம், இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும். அதன் பின்னால் மெதுவாகக் கார்டிசால் என்ற இன்னொரு அட்ரினல் சுரப்பு வரும். அது உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும், இறங்க அதைவிட அதிக நேரம் எடுக்கும். அட்ரினலினைக் கரண்டிக் கணக்கில் குறைத்துவிட்டால் பயம் போய்விடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உங்கள் அண்ணனின் உடம்பில் மூன்று மாதங்களாக அட்ரினலின் தேங்கி நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகச் சுரக்கிறது. எனவே கேட்க வேண்டியது யார் அதைச் சுரக்கச் சொல்வது என்பதுதான்.

இதயம் சொல்கிறதா? 1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்து ஒரு சோதனை செய்தார். ஒன்றில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டியபோது அது நிதானமானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டபோது அதுவும் நிதானமானது. நரம்பு இதயத்தோடு பேசுவது ஒரு வேதிப்பொருள் மூலம் என்பது அப்படித்தான் தெரிந்தது. 1936-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இதயத்துக்குச் சொந்தத் துடிப்பு உண்டு. விட்டால் நிமிடத்துக்கு நூறை ஒட்டித் துடிக்கும். நாம் சும்மா இருக்கும்போது எழுபது எண்பதில் நிற்பது வேகஸ் பிடித்திருக்கும் கடிவாளத்தால். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு அந்த நரம்புகள் அறுபட்டிருக்கும். அவர்கள் பயந்தால் இதயம் உடனே துள்ளாது, இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெதுவாகவே வேகமெடுக்கும். ஆனால் அவர்களும் நம்மைப்போலவே பயப்படுகிறார்கள். ஆகவே பயம் இதயத்தில் குடியிருக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதற்காக இதயத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1884-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விபரீதமான கருத்தைச் சொன்னார்: பயந்ததால் நடுங்குவதில்லை, உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம். உடற்கிளர்ச்சியை ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்து புகழ்பெற்ற வால்டர் கேனன் 1927-ல் இதை மறுத்தார். கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி மாறுகிறது, அப்படியிருக்க உடம்பைப் பார்த்து மனம் எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டார். என் பனிக்கட்டி வாளி கேனன் பக்கம்தான் சாட்சி சொல்லும். பிறகு 1962-ல் ஷாக்டர், சிங்கர் என்ற இருவர் நடுவழி ஒன்றைக் கண்டார்கள்: உடம்பு முடுக்கத்தைத் தருகிறது, சூழ்நிலையைப் பார்த்து மனம் அதற்குப் பெயர் வைக்கிறது. 1974-ல் கனடாவில் ஆடும் தொங்கு பாலத்தைக் கடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். நிலையான பாலத்தில் வந்தவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் பின்னர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பாலத்தின் படபடப்பைக் காதல் என்று எண்ணிவிட்டார்களாம். கேட்பதற்குச் சுவையான கதை. கச்சான் காற்றடிக்கும்போது பாம்பன் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றவர்களுக்கு அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவும் தோன்றும். ஆனால் ஷாக்டர், சிங்கர் சோதனையை மற்றவர்கள் திரும்பச் செய்தபோது முடிவுகள் அப்படியே வரவில்லை. இனம்புரியாத படபடப்பு பெரும்பாலும் கெட்ட உணர்வாகவே முடிந்தது. உடம்பிலிருந்து வரும் செய்தி உணர்ச்சியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் என்பதை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். உணர்ச்சியையே அது உண்டாக்குகிறதா என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை.

இப்போது கடலுக்கு வருவோம். ஐந்து மணி நேரம் பயமே இல்லை என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். இப்படிச் சொல்லும் மீனவர்களைப் பல முறை கேட்டிருக்கிறேன். ஒருவர் என்னிடம், "பயப்பட நேரம் எங்கே இருந்தது, டாக்டர்? அலை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார். ஆபத்து தொலைவில் இருக்கும்போதும் கழுத்தை நெருக்கும்போதும் மூளை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2007-ல் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. திரையில் ஓர் உருவம் துரத்தும். பிடித்துவிட்டால் மின்னதிர்ச்சி. உருவம் தூரத்தில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. அது நெருங்க நெருங்கச் செயல்பாடு நடுமூளைக்கு, கணத்தில் எதிர்வினை செய்யும் பழைய பகுதிக்கு, இடம் மாறியது. வருமா, வந்தால் என்ன ஆகும், பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்க்கும் வேலை முன்மூளையுடையது. நாம் பயம் என்று அனுபவிப்பதில் பெரும்பங்கு இந்த நினைத்துப் பார்த்தல்தான். தண்ணீரில் கிடந்தவருக்குக் கேனை விடாமல் பிடிப்பது என்ற ஒரே வேலை இருந்தது. அந்த மின்னதிர்ச்சியையும் வடக்குக் கடலையும் ஒப்பிடுவது கொஞ்சம் துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசை சரியென்றே நினைக்கிறேன்.

வலியும் அப்படித்தான். கேனின் விளிம்பு கிழித்த உள்ளங்கைக் காயத்தைக் கரைக்கு வந்த பிறகே பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய முனையில் பணியாற்றிய பீச்சர் என்ற மருத்துவர், பலத்த காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்றதைப் பதிவு செய்தார். மூளை தன்னிடமே அபின் போன்ற பொருள்களை வைத்திருக்கிறது. நெருக்கடியில் அவற்றைத் திறந்துவிடும்.

பயமில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் சொந்தமாகவே அனுபவித்தேன். பன்னிரண்டு வயதில், பாம்பனில், யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று எங்களுக்குள் பந்தயம். சங்கு குளிக்கப் போகும் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தால் விரட்டுவார். முங்குவதற்கு முன் வேகவேகமாக இருபது முப்பது முறை மூச்சிழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாங்கலாம் என்று ஒருவன் கண்டுபிடித்தான். நானும் செய்தேன். உள்ளே மூச்சு முட்டவே இல்லை. மிக நிம்மதியாக இருந்தது. அடுத்து நினைவிருப்பது மணலில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்ததும், அந்தப் பெரியவர் என் முதுகில் அறைந்ததும்தான். பின்னாளில் அதே பாடத்தை நான் நடத்தவேண்டியிருந்தது. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, கரியமில வாயு கூடுவது. வேகமாக மூச்சுவிட்டு அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்கும் பாம்பன் பெண்களுக்கு இந்தப் பாடநூல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஆனால் இதைப் படிக்கும் இளைஞர்கள் யாராவது அந்தப் பந்தயம் கட்டுகிறவர்களாக இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கரியமில வாயு விஷயத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மூளையில் அமிக்டலா என்று வாதுமைப் பருப்பு அளவில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு முடிச்சுகள் உண்டு. பத்திரிகைகளில் "பயத்தின் மையம்" என்று எழுதுவது இதைத்தான். ஓர் அரிய பரம்பரை நோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பாம்பைக் காட்டினாலும் சிலந்தியைக் காட்டினாலும் அவருக்குப் பயமில்லை, தொட்டுப் பார்க்கவே போனார். 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில் அவரை 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை இழுக்கச் சொன்னார்கள். அவர் கதிகலங்கிப்போனார். அமிக்டலா இல்லாமலே வந்த பீதி அது. வெளியே இருக்கும் ஆபத்தைக் கற்றுக்கொள்ளும் மணி ஒன்று, உள்ளே உயிர்மூச்சு முட்டும்போது அடிக்கும் மணி வேறொன்று என்று இதிலிருந்து தெரிகிறது. பயத்துக்கு ஒரே மையம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

டீ டம்ளரோடு வந்த நடுக்கத்தைப் பற்றி: அதில் பாதி வெறும் குளிராகவே இருந்திருக்கலாம். நம் கடல் வெதுவெதுப்பானதுதான், ஆனால் 28 டிகிரித் தண்ணீரும் 37 டிகிரி உடம்புக்குக் குளிர்தான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஐந்து மணி நேரத்தில் உடம்பு நிறைய இழந்திருக்கும். மீதிப் பாதிக்கு "அட்ரினலின் இறங்கும்போது நடுங்கும்" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. அட்ரினலின் தசையை நேரடியாக நடுங்கச் செய்யும் என்பது உறுதி, ஆனால் அது இறங்கும்போதல்ல, ஏறியிருக்கும்போது. கரையேறிய பிறகுதான் முன்மூளைக்கு நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்திருக்கும், அப்போது ஒரு புதிய முடுக்கம் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதோடு தொடர்புடைய, ஊகமே அல்லாத ஒன்றைக் கடலோரத்தில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் மிதந்தவரின் கால்களைத் தண்ணீரின் அழுத்தம் சுற்றிலும் பிடித்திருக்கிறது. செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினால் அந்தப் பிடி போய், இரத்தம் காலுக்கு இறங்கி, அழுத்தம் சரிந்து, காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றியவர் கையிலேயே மயங்கி விழலாம். இறந்தவர்களும் உண்டு. முடிந்தவரை படுத்த வாக்கிலேயே தூக்குங்கள், படகிலும் படுக்கவே வையுங்கள். எழுப்பி உட்காரவைத்து டீ கொடுப்பதற்கு அவசரம் வேண்டாம்.

இன்ஜின் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவதில்தான் அமிக்டலாவின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. ஒலியையும் அடியையும் ஒருமுறை சேர்த்து அனுபவித்த எலி, அடுத்த முறை ஒலிக்கே உறைந்து நிற்கும். ஜோசப் லெடூ என்ற நரம்பியல் விஞ்ஞானி இந்த வழியை நரம்பு நரம்பாகத் தொடர்ந்து காட்டினார். செவியிலிருந்து வரும் செய்தி, இது என்ன சத்தம் என்று மூளையின் மேற்பகுதி ஆராய்ந்து முடிப்பதற்கு முன்பே, ஒரு குறுக்கு வழியில் அமிக்டலாவைத் தொட்டுவிடும். உங்கள் அண்ணன் "பயமில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் உடம்பு வியர்த்திருப்பது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை, உடம்பு அவரைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. லெடூவே பின்னாளில் ஒரு திருத்தம் செய்தார்: அமிக்டலா செய்வது தற்காப்பு எதிர்வினை, அதையே பயம் என்ற உணர்வாக எண்ணிவிடக் கூடாது என்று. நான் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இரண்டையும் குழப்பித்தான் நடத்தினேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

இப்படிக் கற்றதை அழிக்க முடியுமா? பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்தது: ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்து, அடி வராமலிருந்தால் எதிர்வினை அடங்கும். ஆனால் பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் "இப்போது ஆபத்தில்லை" என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. புதிய பாடம் எழுதப்பட்ட இடத்தோடும் சூழ்நிலையோடும் ஒட்டிக்கொள்ளும். கரையில் சத்தத்துக்குப் பழகிவிட்டவருக்கு நடுக்கடலில் மறுபடி துள்ளுவது அதனால்தான். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே படிப்படியாகப் போக வேண்டும். மேலும், சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவிட்டால் "ஓடியதால் தப்பித்தேன்" என்றே மூளை எழுதிக்கொள்ளும். அடங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் பாடம். இதை ஒரு பயிற்சி பெற்றவரோடு செய்வது நல்லது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, விசைப்படகுக்காரர்களுக்கு வருமானம் நிற்கும் காலம், ஆனால் இதற்கு வாய்ப்பான காலம். படகு கரையோரம் சும்மா நிற்கும். முதலில் அதில் ஏறி வலை பின்னலாம். பிறகு பழுதுபார்த்த இன்ஜினை ஓடவிடும்போது பக்கத்தில் உட்காரலாம். அதன் பின் சொந்தக்காரர் யாராவது ஒருவரின் நாட்டுப்படகில், கரை தெரியும் தூரத்தில், தெற்குக் கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஒரு சுற்று.

அவர் ஏன் மறுபடி போகத் துடிக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூளைச் செல்கள் சுரக்கும் டோபமைன் என்றால் இன்பம் தரும் பொருள் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு வேர் 1954-ல் மாண்ட்ரியலில் ஓல்ட்ஸ், மில்னர் செய்த சோதனை. மூளையின் ஒரு பகுதியில் மின்கம்பி பதித்த எலி, தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் விசையை ஓயாமல் அழுத்தியது. இன்பம் தாங்காமல் அழுத்துகிறது என்று நினைத்தார்கள். பிறகு கென்ட் பெரிட்ஜ் என்பவர் டோபமைன் அறவே வற்றிய எலிகளைப் பார்த்தார். வாயில் இனிப்பை விட்டால் நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தன. ஆனால் எட்டிய தூரத்தில் இருந்த தீனியை எடுக்க எழுந்து போகவில்லை. ரசிப்பது ஒரு வேலை, நாடிப் போவது வேறொரு வேலை. டோபமைன் இரண்டாவதைச் சேர்ந்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. எதிர்பார்த்த பழச்சாறு எதிர்பார்த்தபடி வந்தால் அவை பேசாமல் இருந்தன. எதிர்பாராமல் வந்தால் வெடித்தன. வரவேண்டியது வராவிட்டால் அடங்கிப்போயின. இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஏலக்கூடம்தான். நான்கு நாள் வெறும் வலை, ஐந்தாம் நாள் வலை கிழியும் அளவுக்கு மீன்பாடு. மாதச் சம்பளக்காரருக்கு இந்த வெடிப்பு கிடையாது. நிச்சயமில்லாத பரிசுக்குப் பழகிய விலங்கு, பரிசு நின்ற பின்னும் வெகுநாள் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் அண்ணன் கடலை ரசிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்: "பிடிக்கவில்லை, ஆனால் போக வேண்டும்." அது முரணல்ல.

ஆனால் எல்லாவற்றையும் மூளைக்குள் தேடுவது எங்கள் தொழில்காரர்களின் கெட்ட பழக்கம். படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம், பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், வீட்டில் சும்மா இருப்பதன் கூச்சம், இவற்றுக்கும் டோபமைனுக்கும் இடையில் எந்தக் கோட்டையும் என்னால் போட முடியாது. அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கடன்தான் காரணம் என்றால் அதற்கு மருந்து என் கிளினிக்கில் இல்லை.

மாத்திரை பற்றி. அட்ரினலின் போய் உட்காரும் இடத்தை அடைக்கும் ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை உண்டு. மேடையில் பாடுகிறவர்கள்கூடப் படபடப்புக்குப் போட்டுக்கொள்வார்கள். நெஞ்சடிப்பும் கைநடுக்கமும் குறையும். உள்ளே இருக்கும் பாடம் அப்படியே இருக்கும். அந்த நினைவையே இந்த மாத்திரையால் மங்கச் செய்யலாம் என்று சில ஆண்டுகள் பெரிய நம்பிக்கை இருந்தது, முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். தூக்கமாத்திரை வகைகளும் இந்த விஷயத்தில் நல்லதல்ல, புதிய பாடம் எழுதப்படுவதையே அவை கெடுக்கக்கூடும். மதுவும் அப்படியே. எந்தச் செலவுமில்லாமல் உதவுவது மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று வேகமாகும், வெளியே வரும்போது நிதானமாகும். அது வேகஸின் கடிவாளம் தளர்ந்து இறுகுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், வெளிவிடுவதை நீட்டி, பத்து நிமிடம். கடல்நீரில் முங்குவதற்கு முன் செய்யும் வேக மூச்சுக்கு இது நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்மா சொல்வது. "பயந்த கோளாறு" என்பது நம் பக்கத்துச் சொல். மூன்று மதத்தாரும் அதற்கு ஏதாவது வைத்திருக்கிறார்கள். திருநீறு போடுவதோ, ஓதிய தண்ணீர் கொடுப்பதோ, கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுவதோ எதுவாக இருந்தாலும் நான் தடுக்கமாட்டேன். நம்பும் மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்தால் முடுக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிபந்தனைகள். சிகிச்சைக்குப் பதிலாக அது ஆகக் கூடாது. யாராவது அவரைக் கட்டிவைக்க வேண்டும், விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் அந்த நிமிடமே அழைத்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை இந்தக் கடற்கரை மறந்திருக்காது.

இப்படியொரு விபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் திடுக்கிடுதலும் கெட்ட கனவும் வருவது வழக்கம், பலருக்குத் தானாகவே அடங்கும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

போகும்போது ஒரு ஈ.சி.ஜி.யும் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட ஓர் ஆளுக்குத் தைராய்டுதான் என்று ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்த வெட்கம் எனக்கு உண்டு. இன்ஜின் சத்தம் இல்லாத நேரத்திலும், தூங்கும்போதும் அவருக்கு நாடி நூறுக்கு மேல் ஓடுகிறதா என்று இன்றிரவே மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.